இரண்டாம் குரல்

மேபல் தங்கையாவுக்கு அறுபத்தெட்டு வயது. பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் கிடாரைத் தூக்கிக்கொண்டு பாட ஆரம்பித்தவர். தானே எழுதி, தானே மெட்டமைத்து, நாற்பது வருஷத்தில் ஒன்பது ஆல்பம் போட்டுவிட்டார். பழைய பாட்டுகளைப் பாடியே மிச்சக் காலத்தை ஓட்டியிருக்கலாம். கல்லூரி விழா, கல்யாண வரவேற்பு என்று கூப்பிட ஆள் இருந்தது. மனுஷி கேட்டால்தானே. பத்தாவதாக ஒன்றை ஆரம்பித்தார், ஊர் உலகத்தில் யாரும் கேட்டிராத மாதிரி.

அதில் ஒரு பாட்டுக்குப் பல்லவியே கிடையாது. இன்னொன்றில் பல்லவி மட்டும்தான், திரும்பத் திரும்ப. மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் வந்து சேர்வதற்குள் பாட்டே முடிந்துவிடும். கடைசிப் பாட்டு பதினோரு நிமிஷம். எலெக்ட்ரிக் கிடாரை ஸ்பீக்கருக்கு எதிரே சாய்த்து வைத்துவிட்டார்கள். அது பாட்டுக்கு ஒரே சுரத்தில் ஊளையிட்டுக்கொண்டிருக்கும். அதன்மேல் மேபல் பாடுவார். தாளம் கிடையாது. காதில் டிக் டிக் என்று எண்ணிக்கை காட்டுகிற சத்தம்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இந்த அவஸ்தையை எல்லாம் கூட இருந்து பட்டவன் சற்குணம். அவனுக்கு ஐம்பத்தொன்று. பாஸ் கிடார் கற்றுக்கொள்ள வந்து இருபத்தொன்பது வருஷம் ஆகிறது, இன்னும் வீட்டுக்குப் போனபாடில்லை. பாஸ் வாசிப்பது அவன். ஒலிப்பதிவு அவன். மேடையில் அக்காவோடு சேர்ந்து இரண்டாம் குரல் பாடுவதும் அவன்தான்.

ஒருநாள் கேட்டேவிட்டான்.

"யாருக்குக்கா இது?"

"எதுடா?"

"இந்த ஆல்பம். யார் உக்காந்து கேக்கப் போறாங்க?"

மேபல் பிளாஸ்கைத் திறந்து சுக்குத் தண்ணீரை ஊற்றிக்கொண்டார்.

"நீ கேக்கறியே."

"எனக்கு வேற வழியில்ல."

"சரி, அப்ப ஒருத்தன் ஆச்சு."

அதற்குமேல் அவரிடம் பேசி ஆகிற காரியமில்லை.

போன மழைக்காலத்தில் மேபலுக்கு நிமோனியா வந்தது. மூன்று வாரம் ஆஸ்பத்திரி. பிழைத்து வந்தார், குரலும் வந்தது, ஆனால் காற்று பாதியாகிவிட்டது. ஒலிப்பதிவு அறை அயனாவரத்தில் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முதல் மாடித் திருப்பத்தில் படியிலேயே உட்கார்ந்துவிடுவார். சற்குணம் பிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பான். "நாளைக்குப் பாத்துக்கலாம்க்கா" என்பான். அவர் தலையை மட்டும் ஆட்டுவார், ஆமாம் என்றா இல்லை என்றா என்று தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து ஏறுவார்.

அப்படி ஏறிவந்த ஒரு நாளில்தான் அந்தப் பதினோரு நிமிஷத்தையும், ஒரே மூச்சில் என்று சொல்ல முடியாது, ஒரே தடவையில் பாடி முடித்தார். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவர் காற்றை இழுக்கிற சத்தம் பதிவாகியிருந்தது. தகர ஷட்டரை மெல்ல மேலே ஏற்றுகிற மாதிரி ஒரு சத்தம். சில இடங்களில் வரியைவிட அது நீளம்.

மறுநாள் தெரிந்த ரேடியோ அறிவிப்பாளர் ஒருவர் வந்தார். பாட்டைக் கேட்டார், பிரமாதம் என்றார், சற்குணத்தின் கையைக் குலுக்கினார். படியிறங்கும்போது போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டே போனார்.

"பாவம்ப்பா. மூச்சு வாங்குது அந்தம்மாவுக்கு."

சற்குணம் வாசலில் நின்று அதைக் கேட்டுவிட்டான். அந்த 'பாவம்' அவனுக்குப் பொறுக்கவில்லை. ஆயிரம் பேர் கத்துகிற மைதானத்தில் மைக் செத்துப்போனபோதும் பாடி முடித்த பெண்பிள்ளை அவர். நாற்பது வருஷம் கழித்து இந்தப் பேரை வாங்கவா இவ்வளவு பாடு?

அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். ஒவ்வொரு மூச்சாகத் தேடிப் பிடித்து வெட்டினான். நாலு நாள். கண் எரிந்தது, கழுத்து பிடித்துக்கொண்டது, சாப்பாடு வாங்கிவைத்தது அப்படியே ஆறிப்போனது. நாலாம் நாள் சாயங்காலம் போட்டுக் கேட்டான். கிடார் ஊளையிடுகிறது, நடுவில் அந்தக் குரல் எந்தச் சிரமமும் இல்லாமல் வருகிறது, போகிறது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மேபல் ஏறி வந்தார். சற்குணத்தின் இரண்டாம் குரல் ஒன்றுதான் பாக்கி. அதைப் பதிந்து சாயங்காலத்துக்குள் ஆல்பத்தை வெளியீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பிவிட்டால் பிறகு மாற்ற முடியாது.

சற்குணம் முதலில் பாட்டைப் போட்டுக் காட்டினான். மேபல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"யாருடா பாடறது?"

"நீங்கதான்க்கா."

"நல்லா பாடறாளே."

சற்குணம் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை.

"மூச்செல்லாம் எங்க?"

"எடுத்துட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு விடாம. ரொம்பக் கேட்டுதுக்கா. கேக்கறவங்க பாவம்னு சொல்றாங்க."

திட்டுவார் என்று காத்திருந்தான். மேபல் நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி, உன் குரலப் பதிஞ்சிடுவோம். உள்ள போய் நில்லு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். பாட்டு ஓடியது. முதல் வரி அக்கா தனியாகப் பாடுவது. இரண்டாவது வரியில் அவன் சேர வேண்டும். சேர்ந்தான், ஆனால் பிந்திவிட்டான். அவர் முதல் சொல்லைத் தாண்டிப் போய்விட்டார்.

"இன்னொரு தடவைக்கா."

இந்த முறை முந்திவிட்டான். ஊளைக்கு நடுவே அவன் குரல் மட்டும் அசடு வழிய நின்றது.

மூன்றாவது தடவையும் தப்பு. நான்காவதில் இரண்டாம் வரி எப்படியோ அமைந்தது, மூன்றாம் வரி போனது. மேபல் திரும்பத் திரும்ப முதலிலிருந்து போட்டார். ஒன்பதாவது தடவை சற்குணம் ஹெட்போனைக் கழற்றிவிட்டான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"எனக்கு என்னமோ ஆயிடுச்சுக்கா. கிடார் ஒரே மாதிரி போகுது, தாளமும் இல்ல. நீங்க எப்ப வரீங்கன்னே தெரியல."

"மேடையில எப்படித் தெரியும்?"

யோசித்தான். மேடையில் அவன் நிற்பது அவர் முதுகுக்குப் பின்னால். முகம் தெரியாது. அவர் கைகாட்டவும் மாட்டார். இருபத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அவன் பிந்தினதில்லை. எப்படி என்று அவனை யாரும் கேட்டதில்லை, அவனும் யோசித்ததில்லை.

"தெரியலக்கா. அதுவா வரும்."

"மாட்டு அத."

ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டான். மேபல் பாட்டைப் போடவில்லை. உள்ளே இருப்பவனோடு பேசுகிற பொத்தானை அழுத்தினார். பேசவும் இல்லை. காற்றை மட்டும் உள்ளே இழுத்தார்.

சற்குணத்தின் வாய் தானாகத் திறந்தது.

திறந்த வாயோடு அவன் கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தான். மேபல் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு இருமினார்.

வெளியே வந்தான். நல்லவேளை, பழைய பதிவை அழிக்காமல் வைத்திருந்தான். நாலு நாள் வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு அதை எடுத்துப்போட இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மேபல் அவன் செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'இப்பத் தெரிஞ்சுதா' என்கிற மாதிரி ஒரு பார்வைகூட இல்லை. அவர் களைத்துப்போயிருந்தார்.

மறுபடி உள்ளே போய் நின்றான். இந்தத் தடவை எங்கேயும் நிறுத்தவில்லை. அக்கா காற்றை இழுத்தார், அவன் இழுத்தான், இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். ஒன்பதாவது நிமிஷத்தில் அந்த நீளமான மூச்சு வந்தது. பாதியில் சிக்கிக்கொண்டு, நின்று, மறுபடி ஏறியது. சற்குணம் காத்திருந்தான். வரி வந்தது. கூடவே அவனும் வந்தான்.

பாட்டு முடிந்தும் அவன் வெளியே வரவில்லை. மேபல்தான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். தரையில் உட்கார்ந்திருந்தான். அவர் உட்கார ஒரு ஸ்டூலை நகர்த்திக் கொடுத்தான்.

"நல்லா இருந்துதுடா. அனுப்பிடு."

"அனுப்பறேன்."

ஆனால் எழுந்திருக்கவில்லை.

"என்ன?"

"அந்த ஆள் பாவம்னு சொன்னது ஒரு சாக்குக்கா. என்னாலதான் கேக்க முடியல." ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தான். "நீங்க மூச்ச இழுக்கும்போதெல்லாம், இதோட அவ்வளவுதானோன்னு இருக்கு. நாலு நாளும் அதத்தான் வெட்டிட்டிருந்தேன்."

மேபல் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

"எனக்கும் அப்படித்தான் இருக்கும்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

"அப்புறம் எப்படிக்கா அடுத்த வரியப் பாடறீங்க?"

"இழுத்தாச்சேடா," என்றார் மேபல். "உள்ளயே வச்சுக்கவா முடியும்?"