அர்ச்சனைச் சீட்டில் வயசு

அம்பாள் கோயிலில் அர்ச்சனைச் சீட்டை கம்ப்யூட்டர்தான் அச்சடிக்கும். பெயர், வயசு, நட்சத்திரம் என்று வரிசையாக அனுப்பும் புரோகிராம், அதிகாரி வரதராஜன் எழுதியது. வயசு அச்சாவது பெண்களுக்குப் பிடிக்கவில்லை.

சீட்டில் எது எந்த இடத்தில் அச்சாக வேண்டும் என்ற அமைப்பைக் கவனிக்கும் பூங்கோதையிடம், "என் புரோகிராமைத் தொடாமல் வயசை எடு. முடியாவிட்டால் நாளைக்கு வராதே" என்றார் அவர்.

வயசுக்கான இடத்தை அவள் அழித்தாள். அடுத்த சீட்டில், வரிசையில் இரண்டாவதாக வந்த வயசு நட்சத்திரத்தின் இடத்தில் உட்கார்ந்து, "நட்சத்திரம்: 52" என்று வந்தது. வாங்கிப் பார்த்த குருக்கள் திருதிருவென்று விழித்தார். வரதராஜன் சிரித்தார்.

அழித்த இடத்தை மறுபடி வைத்து, அதில் 'இத்தனை எழுத்து மட்டும் அச்சிடு' என்று சொல்லும் புள்ளியையும் அதன் பக்கத்தில் ஒரு பூஜ்யத்தையும் சேர்த்தாள் பூங்கோதை. இப்போது பெயரும் ரோகிணி நட்சத்திரமும் மட்டுமே வந்தன.

"வயசு எங்கேம்மா போச்சு?"

"அதுவும் பந்திக்கு வந்துச்சு சார். இலை போட்டு, பூஜ்யம் எழுத்து பரிமாறினேன். நாளைக்கு வரலாமா?"

வரதராஜன் சீட்டைத் திருப்பிப் பின்பக்கம் தேடிக்கொண்டே, "வா" என்றார்.