சிவப்பில் அசைந்த கை

இந்தக் கதையில் கேமரா பொய் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. படத்தில் சிக்னல் சிவப்பு. சென்னியப்பனின் வேன் கோட்டைத் தாண்டி வந்திருக்கிறது. நம்பர் பிளேட் பளிச்சென்று தெரிகிறது.

வக்கீல் வசுமதிக்கு இப்படிப்பட்ட படங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்திருந்தது. கோயம்புத்தூரில் சிக்னல் கேமரா வழக்குகளை எடுப்பவர்கள் அதிகமில்லை. அபராதத்தைக் கட்டிவிட்டுப் போவதுதான் எல்லோருக்கும் சுலபம். சென்னியப்பனால் அது முடியாது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் லைசென்ஸ் மூன்று மாதம் முடங்கும். மில்லுக்கு ஆள் ஏற்றும் வேனுக்கு மறுநாளே வேறு டிரைவர் வந்துவிடுவான். இந்த வயதில் அவரை யாரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள்.

"போலீஸ்காரர் கையக் காட்டுனாருங்க, போனேனுங்க. லைட்டப் பாக்கறதா, கையப் பாக்கறதா?"

சட்டம் அவர் பக்கம்தான். காவலரின் கை அசைந்தால் விளக்குக்கு மதிப்பில்லை. ஆனால் படத்தில் அந்தக் கை இல்லை.

"ஆள் எப்படி இருப்பாருங்கண்ணா?"

"வெள்ளைச் சட்டை போட்டிருந்தாருங்க மேடம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லை. மறுநாள் மதியம் தானே அந்த சிக்னலுக்குப் போனாள். நிழலில்லாத இடம். போக்குவரத்துக் காவலர் லூர்துராஜ் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"எம் பேரு வராதுன்னா சொல்றேம்மா."

"வராது," என்றாள். அந்த வெயிலில் வேறெதுவும் யோசிக்கத் தோன்றவில்லை.

அவர் நடந்ததைச் சொன்னார். அன்றைக்குக் குறுக்கு ரோட்டில் ஒரு பெண் ஸ்கூட்டரோடு விழுந்துவிட்டாள். அவள்மேல் பஸ் ஏறிவிடாமல் அந்தப் பக்கத்தை அவர் கைகாட்டி நிறுத்தினார். அவளை ஏற்றிப்போக ஒரு ஆட்டோ இருந்தது, ஆனால் சென்னியப்பனின் வேனுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. அதற்கு வழிவிடத்தான் வேனை முன்னே வரச் சொன்னார்.

"கேமரா சிக்னல்ல கையக் காட்டக் கூடாதுன்னு உத்தரவு. ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியாச்சு. இன்னொண்ணு வந்தா சஸ்பென்ஷன்தான். தை மாசம் எனக்கு ரிட்டயர்மெண்ட்மா."

திரும்பும் வழியில்தான் தான் கொடுத்த வாக்கின் கனம் அவளுக்குத் தெரிந்தது. சென்னியப்பனிடம் எதுவும் சொல்லவில்லை. படத்தையே மறுபடி மறுபடி பார்த்தாள். இந்தப் பக்கம் சிவப்பு என்றால் குறுக்கு ரோட்டுக்குப் பச்சை. ஆனால் அங்கே பஸ், லாரி எல்லாம் கோட்டுக்குப் பின்னால் ஒழுங்காக நிற்கின்றன. விழுந்த பெண் படத்துக்கு வெளியே. பச்சையிலும் வண்டிகள் நிற்பதே காவலர் கைகாட்டியதற்குச் சாட்சி, இது போதும் என்று நினைத்தாள்.

மாஜிஸ்திரேட் படத்தை உற்றுப் பார்த்தார். "நிக்கிறது தெரியுது. நிறுத்தினது யாரு?"

"பணியிலிருந்த காவலர், ஐயா."

"பேரு?"

வசுமதி படத்தையே மறுபடி சுட்டிக்காட்டினாள். மாஜிஸ்திரேட் கூண்டில் நின்ற சென்னியப்பனிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. முகத்தப் பாத்திருப்பீங்கல்ல?"

"வெயிலுங்கய்யா. கை மட்டுந்தான் தெரிஞ்சுதுங்க."

"வெறும் கையை வெச்சு நான் என்னய்யா தீர்ப்பு எழுதறது?"

பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். அபராதம் உறுதியானது. லைசென்ஸும் போயிற்று.

வராந்தாவில் அவள் நின்றாள். "அண்ணா, அது யாருன்னு எனக்குத் தெரியும்."

"எனக்குந்தானுங்க. லூர்துராஜு. டெய்லி பாக்கற மூஞ்சியாச்சே. அங்க கையக் காட்டுனா அவருக்கு மெமோன்னும் தெரியுமுங்க."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"ஒரு பொம்பளையக் காப்பாத்துனதுக்கு அந்தாள மாட்டி உடறதுங்களா? படத்த வெச்சே நீங்க ஜெயிச்சுப்போடுவீங்கன்னு இருந்தேன்." அவளைப் பார்த்து, "நீங்க ஏனுங்க சொல்லல?" என்றார்.

"வாக்குக் கொடுத்திருந்தேன்."

"எப்பங்க?"

"உங்களக் கேக்காமயே."

அவர் தலையாட்டினார். வேன் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

லூர்துராஜ் தன் வேலைக்குப் பயந்து ஒதுங்கிக்கொண்டார். வசுமதி வாக்கைக் காப்பாற்றினாள். சென்னியப்பன் கூண்டில் நின்று பொய் சொன்னார். கேட்பவர்களே, மறைக்கப்பட்ட பெயர் ஒன்றுதான். மறைத்தவர்கள் மூன்று பேர். இதில் யார் செய்தது சரி?

விடை: சென்னியப்பன். பொய்தான், ஆனால் அவர் விட்டுக்கொடுத்தது தன் பிழைப்பை. லூர்துராஜ் ரோட்டில் செய்தது சரி. தன்னால் மாட்டிக்கொண்டவருக்காகச் சாட்சி சொல்ல வராததற்குப் பயம் காரணமாகலாம், நியாயமாகாது. வசுமதி வாக்குத் தவறவில்லை. ஆனால் அந்த வாக்குக்காகப் போனது சென்னியப்பனின் லைசென்ஸ், அவளுடைய வக்கீல் உரிமம் அல்ல. கேட்டிருந்தாலும் பெயரைச் சொல்ல வேண்டாம் என்றுதான் அவர் சொல்லியிருப்பார் என்பது அவளுக்குச் சாதகமாகாது. அவள் கேட்டிருக்க வேண்டும்.