தும்பி உட்காரும் கீரை

மலையடிவாரத்தில் வைத்தியம் பார்த்துவந்த இசக்கியம்மாளுக்கு முப்பத்தைந்து வயது. அவளிடம் சீடராகச் சேர்ந்த தாண்டவராயருக்கு அறுபத்திரண்டு. நாற்பது ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர். எந்த வைத்திய நூலைக் கேட்டாலும் தலைகீழாக ஒப்பிப்பார். நோயாளி எதிரே வந்து உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் தடுமாறுவார்.

அவள் அவரை “வாத்தியாரையா” என்பாள். அவர் அவளை “அம்மா” என்பார். இதைக் கேட்டு ஊர் சிரித்தது. அவர்கள் இருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஒரு நாள் டவுனிலிருந்து உலகநாத ஆசாரி வந்தார். நகையில் கல் பதிக்கிறவர். மகள்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

“அம்மன் கிரீடம் என் பட்டறையில இருக்கு தாயி. எங்க அப்பா ஆரம்பிச்ச வேலை. கோயில் கொடைத் திருவிழாவுக்கு இன்னும் ரெண்டே மாசம்தான். நடுவுல வைக்கிற மரகதம் மட்டும் பாக்கி. ஆனா கல்லைப் பாத்தா ரெண்டாத் தெரியுது. கண்ணு உறுத்துது, தலை வெடிக்குது.”

“பட்டறையில ஜன்னல் இருக்கா?”

“இருக்கு. திறக்க மாட்டோம். காத்து வந்தா ஊதுகுழல் தீ ஆடும், பொன்தூள் பறந்திரும்.”

“எத்தனை வருஷமா திறக்கலை?”

“நான் உக்காந்து இருபத்தெட்டு வருஷம். அப்பா காலத்துலயும் திறந்ததில்லை.”

இசக்கியம்மாள் பொன்னாங்கண்ணிக் கீரையைச் சொன்னாள். தாண்டவராயர் மகிழ்ந்து தலையாட்டினார். கண்ணுக்கு நல்லது என்று நூலிலும் இருக்கிறது. ஆனால் அவள் அதோடு நிறுத்தவில்லை.

“மலைமேல ரெண்டாவது சுனை இருக்கு. அதோட கரையில முளைச்சதா இருக்கணும். விடியும்போது நீங்களேதான் ஏறணும், செருப்பில்லாம. கண்ட கொத்தைக் கிள்ளக்கூடாது. எந்தக் கொத்துல தும்பி வந்து உக்காருதோ அதை மட்டும், தும்பி பறந்த பிறகு கிள்ளணும். கொண்டுவாங்க, சமைச்சுத் தாரேன். நாற்பத்தெட்டு நாள்.”

அன்று மாலைவரை தாண்டவராயர் ஏடுகளைப் புரட்டினார். தும்பியைப் பற்றி எதிலும் ஒரு வரி இல்லை.

முதல் வாரம் ஆசாரி முனகிக்கொண்டே கீரை கொண்டுவந்தார். காலில் முள், கரையில் அட்டை, தும்பி வந்து உட்கார ஒரு யுகம் ஆகிறது. மூன்றாம் வாரம் மகள் துணை இல்லாமல் தனியாக வந்தார். தலைவலி குறைந்திருக்கிறது என்றார். மதியம் அவர்களோடு உட்கார்ந்து கீரையும் சோறுமாக இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தச் சமயத்தில் பக்கத்து ஊரில் ஒரு பிரசவம். இசக்கியம்மாள் எட்டு நாள் அங்கே தங்க வேண்டியிருந்தது.

ஆசாரியின் காலைப் பார்த்துப் பார்த்து வாத்தியாருக்குப் பாவமாக இருந்தது. கிணற்றடியிலேயே பொன்னாங்கண்ணி பாய் விரித்ததுபோல் படர்ந்து கிடந்தது. அதே இலை, அதே தண்டு, அதே பூ. இதற்கு எதற்கு மலை ஏற வேண்டும்? அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் ஆசையோடு செய்கிற தப்பை அவரும் செய்தார். தினமும் கிணற்றடிக் கீரையைச் சமைத்து, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு டவுனுக்கே போய்விட்டார்.

“நீங்கள் பட்டறையை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம்,” என்றார் பெருமையாக.

ஆசாரியும் எழுந்திருக்கவில்லை. மலைக்குப் போய்வந்த நேரமெல்லாம் மிச்சம் என்று விளக்கடியில் இன்னும் குனிந்து உட்கார்ந்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் இசக்கியம்மாள் திரும்பிவந்தபோது வாசலில் ஆசாரி நின்றிருந்தார், மறுபடியும் மகள் கையைப் பிடித்தபடி.

“மரகதத்தைக் கோணலா வச்சிட்டேன் தாயி. அது கோணல்னே எனக்குத் தெரியலை. இவ சொல்லித்தான் தெரியும். வேற ஆளைப் பாத்துக்கோங்கன்னு கோயில்ல சொல்லிரப் போறேன்.” சொல்லும்போதே அழுதுவிட்டார்.

தாண்டவராயர் முன்னால் வந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார்.

“அதே கீரைதான் அம்மா. ஒருவேளை மலை மண்ணின் குணம் வேறோ? சுனைத் தண்ணீரில் ஏதாவது தாது இருக்கும். யோசிக்காமல் போய்விட்டேன், என் பிழைதான்.”

“இருக்கும் இருக்கும். நாளையிலேருந்து நீங்களும் கூடப் போங்க வாத்தியாரையா. என்ன தாதுன்னு பாத்துட்டு வாங்க.” பிறகு ஆசாரியிடம் திரும்பினாள். “கோயிலுக்குப் பதினைஞ்சு நாள் கழிச்சுப் போய்ச் சொல்லிக்கலாம்.”

பன்னிரண்டு நாள் இருவரும் ஒழுங்காகக் கீரையோடு வந்தார்கள். பதின்மூன்றாம் நாள் உச்சிவெயில் ஆகியும் ஆளைக் காணோம்.

அப்புறம் சிரிப்புச் சத்தம் வந்தது. அதற்குப் பின்னால்தான் ஆட்கள் வந்தார்கள். வாத்தியார் தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். வேட்டியெல்லாம் சேறு.

“சுனைக்குள்ள விழுந்துட்டாரு தாயி! விழுந்தவரு எந்திரிக்காம உள்ளேயே உக்காந்து சிரிக்காரு!” என்றார் ஆசாரி. அவருக்கு மூச்சு வாங்கியது. “அதை விடுங்க. தும்பி றெக்கையைப் பாத்திருக்கீங்களா? நுனி ஓரத்துல கடுகைவிடச் சின்னதா ஒரு பொட்டு. நாலு றெக்கையிலயும் நாலு. கல் பதிச்ச மாதிரி! ஒண்ணுகூடக் கோணல் இல்லை தாயி! நேத்து மரகதத்தைக் கழட்டித் திருப்பி வச்சேன். ஜன்னலைத் திறந்துபோட்டுத்தான் வச்சேன், தீ வேலை இல்லையே. என் மக பூதக்கண்ணாடி வச்சுத் தேடிட்டு, குறை ஒண்ணுமில்லைப்பான்னுட்டா.”

தாண்டவராயர் அதற்கும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தூக்குவாளியைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாளியில் ஒன்றும் இல்லை.

“அம்மா, கீரை! தும்பி உட்கார்ந்தது, பறந்தது, மறுபடி உட்கார்ந்தது. பார்த்துக்கொண்டே இருந்ததில் கிள்ள மறந்துவிட்டோம். நாள் கணக்கு முறிந்துவிட்டதே! இன்றைக்கு மருந்துக்கு என்ன செய்வது?”

இசக்கியம்மாள் சோற்றை வடித்து நிமிர்த்தி வைத்தாள். மூன்று இலைகளை எடுத்துப் போட்டாள்.

“மருந்து மலையிலயே ரெண்டு பேருக்கும் இறங்கியாச்சு, முகத்துலயே தெரியுது. கீரை சோத்துக்குத் தொட்டுக்கத்தான் வாத்தியாரையா. இன்னைக்கு அப்பளம் சுடுதேன், உக்காருங்க.”