ஹார்ட் டிஸ்க்கில் துண்டு போட்ட அண்ணன் தம்பிகள்

அவிஞ்சிக்குளத்தில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மூத்தவர் மாசிலாமணி. தலையில் முடி போய்விட்டது, கல்யாணம் மட்டும் வரவில்லை. வந்த வரன் எல்லாம் வாசலோடு திரும்பிப் போனது. ஏன் போனது என்று ஊருக்கே தெரியும், அவருக்குத்தான் தெரியாது. கடைசியில் கோயம்புத்தூரில் மரகதவல்லி என்று ஒரு பெண் அமைந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெண் வீட்டார் கம்ப்யூட்டரில் வீடியோ போட்டு மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் நிச்சயம்.

வீட்டில் இருந்ததோ பட்டன் போன். கம்ப்யூட்டரோ செத்துக் கிடந்தது. பெண்ணின் தம்பி இளம்பரிதி, செத்த கம்ப்யூட்டரை எழுப்புகிற லினக்ஸ் என்ற சாஃப்ட்வேர் இருக்கிற பென் டிரைவ் ஒன்றை பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிட்டு, போனில் பாடம் எடுத்தான்.

"மாமா, பென் டிரைவைச் சொருகினா கம்ப்யூட்டர் ஓடும். ஹார்ட் டிஸ்க்கை ரெண்டா பிரிங்க. சின்னது சிஸ்டத்துக்கு. பெருசை காலியா வைங்க, அக்கா வந்ததும் அவ போட்டோ எல்லாம் போடணும்ல? அப்புறம் இன்ஸ்டால்னு இருக்கறதை அமுக்குங்க. அவ்ளோதான்."

அவ்வளவுதான். யாரிடம் சொல்கிறோம் என்று அந்தப் பையன் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம்.

மாசிலாமணி ஒழுங்காகத்தான் பிரித்தார். பிரித்த பிறகுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"டேய், இவ்ளோ இடம் காலியா கெடக்குதே. வேற எவனாவது வந்து உட்கார்ந்துட்டா?"

நடுவுலவர் பரஞ்சோதி ரொம்ப நேரம் மோவாயைத் தடவினார். "பஸ்ல காலி சீட்டைப் பாத்தா என்னண்ணே பண்ணுவோம்?"

"ஜன்னல் வழியா துண்டு போடுவோம்."

கடைக்குட்டி குழந்தைவேலு உடனே தோளில் கிடந்த துண்டை எடுத்து கம்ப்யூட்டர் பெட்டிமேல் விரித்தான்.

"அறிவிருக்கா?" என்றார் பரஞ்சோதி. "இடம் உள்ள இருக்கு. வெளியில துண்டு போட்டா உள்ள இருக்கறவனுக்கு எப்படித் தெரியும்?"

எப்பேர்ப்பட்ட அறிவாளி பாருங்கள். துண்டுக்குப் பதிலாக, சிடியில் இருந்த பங்காளி வீட்டுக் காதுகுத்து வீடியோவை உள்ளே போட்டார்கள். ஒரு தடவை போட்டதில் இடம் நிறையவில்லை. திரும்பத் திரும்ப அதையே போட்டார்கள். சின்ன இடத்தையும் விடவில்லை. சின்ன சீட்டும் சீட்டுதானே? ஒரே பிள்ளை ஹார்ட் டிஸ்க் முழுக்க அழுதுகொண்டிருந்தது.

இன்ஸ்டாலை அமுக்கினார்கள். 'இடம் இல்லை' என்றது கம்ப்யூட்டர்.

"அது எப்படி? நாமதானே பிடிச்சு வெச்சிருக்கோம்!" மாசிலாமணிக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இளம்பரிதிக்கு போன் போட்டார். "மாப்ளே, இடம் பத்திரமா இருக்கு. எவனும் உட்கார முடியாது. ஆனா கம்ப்யூட்டர் பொய் சொல்லுது."

விஷயத்தைக் கேட்டதும் இளம்பரிதி, "மாமா, எல்லாத்தையும் அழிங்க. அழிச்சிட்டு இன்ஸ்டாலை அமுக்குங்க. வேற ஒண்ணும் செய்யாதீங்க. மணி நாலரை ஆச்சு" என்றான். குரலில் அழுகை இருந்தது.

அழித்தார்கள். அமுக்கினார்கள். திரையில் ஒரு நீலக்கோடு மெல்ல மெல்ல நீண்டது.

"அண்ணே, ஏறுறான்!" என்று அலறினான் குழந்தைவேலு. "துண்டை எடுத்த உடனே ஏறிட்டான் பாரு!"

மாசிலாமணி எழுந்து நின்றுவிட்டார். அது மரகதவல்லிக்கு வைத்த இடம். இத்தனை வருஷம் கழித்து வரப்போகிற பெண்ணுக்கு ஒரு போட்டோ வைக்கக்கூட இடம் இல்லாமல் போவதா? பாய்ந்து பென் டிரைவைப் பிடுங்கினார். அதோடு விடவில்லை, பிளக்கையும் பிடுங்கினார். திரை கருப்பானது. இடம் காப்பாற்றப்பட்டது.

ஐந்து மணிக்கு மூவரும் பட்டு வேட்டி கட்டி, மாசிலாமணியை நடுவில் வைத்து, தாம்பூலத் தட்டோடு அந்தக் கருப்புத் திரை முன்னால் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் மாசிலாமணியின் முகம் மலர்ந்தது.

"வந்துட்டாங்கடா! கும்பிடுங்க!"

கும்பிட்டார்கள். அங்கேயும் மூன்று பேர் கும்பிட்டார்கள்.

"அடக்கமான குடும்பம்," என்றார் பரஞ்சோதி. "அவங்களும் பட்டு வேட்டிதான்."

இடுப்பில் பட்டன் போன் விடாமல் அடித்தது. "பெரியவங்க பேசறப்ப எவன்டா அது?" என்று அதை அணைத்துப்போட்டார் மாசிலாமணி. தட்டை நீட்டினார். அவர்களும் தட்டை நீட்டினார்கள்.

"எல்லாம் சரிண்ணே, பொண்ணை எங்க காணோம்?" என்றான் குழந்தைவேலு. "அங்கயும் மூணு ஆம்பளைங்கதானே இருக்காங்க?"

மாசிலாமணி திரைக்குப் பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் கண் கலங்கியது. தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"பாவம்டா, அவங்களும் பொண்ணு தேடித்தான் உட்கார்ந்திருக்காங்க. அந்த நடுவுல இருக்கற வழுக்கைத்தலைக்காரருக்கு என்னைவிட வயசு அதிகம் போல. நம்ம மரகதவல்லிய அவருக்கே பேசி முடிச்சிடுவோம். நான் காத்திருக்கேன்."