வாசலில் கூவிய பெயர்கள்

ஜூலு நாட்டில் பெண் கேட்டு வருகிறவர்கள் கதவைத் தட்டுவதில்லை. வெளிவாசலில் நின்று அந்த வீட்டு முன்னோர் பெயர்களை வரிசையாகக் கூவ வேண்டும். வரிசை சரியாக இருந்தால்தான் கதவு திறக்கும்.

மலூண்டி குலத்து வீடு ஒன்றின் வாசலில் நான்கு பேர் விடியலிலிருந்து கூவிக்கொண்டிருந்தார்கள். கதவு திறக்கவில்லை.

பெண்ணின் தகப்பனார் பெகிதெம்பா பின்வேலியைத் தாண்டி ஓடினார். ஓய்வுபெற்ற போலீஸ் சார்ஜென்ட். காலில் ஒரு செருப்புதான் இருந்தது. நேராகக் குருவிடம் வந்து நின்றார்.

குரு தொலகேலே குலப்பெயர்கள் கற்றுத் தருகிறவர். சோளத்துக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, அண்ணன் கதவைத் திறக்க மாட்டேங்கிறார்."

"ஏனாம்?"

"சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். 'யாரையோ கூப்பிடுறாங்க, நம்மை இல்லை'ங்கிறார். பெண் உள்ளே அழுகிறாள். வெயில் ஏறினால் அவர்கள் போய்விடுவார்கள். போனால் மறுபடி வர மாட்டார்கள்."

"வரிசையை அவர்களுக்குக் கொடுத்தது யார்?"

"நான்தான்."

"மூன்று மாதம் தொண்டை கிழியச் சொல்லிக் கொடுத்தேன். ஏழு பெயர். ஏழும் கொடுத்தீர்களா?"

"ஏழுதான் கொடுத்தேன்."

குரு களைக்கொத்தைக் கீழே போட்டார். "சொல்லுங்கள்."

பெகிதெம்பா சொன்னார். ஐந்தாவது பெயரில் குரு கையை உயர்த்தினார்.

"சிலாங்குவா? நான் சொன்னது மபலேகா."

பெகிதெம்பா செருப்பில்லாத காலைப் பார்த்தார்.

"மபலேகா போரில் கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடியவன், அம்மா. படையே ஆற்றங்கரையில் செத்துக் கிடந்தது. இவன் ஒருவன் ஓடினான். மாப்பிள்ளை வீட்டார் பரம்பரையாகப் படைவீரர்கள். அவர்கள் வாயால் என் வாசலில் அவன் பெயரைக் கூவ வேண்டுமா?"

"அதனால்?"

"அவன் அண்ணன் சிலாங்கு. முன்வரிசையில் நின்று செத்தான். ஒரே தாய் வயிறுதானே? இவனை எடுத்துவிட்டு அவனை வைத்தேன்."

"சார்ஜென்ட் மூளை."

குரு எழுந்து கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டார். அந்த வீட்டை நோக்கி நடந்தார். பெகிதெம்பா பின்னால் நொண்டினார்.

வாசலில் நால்வரும் தொண்டை கட்டி நின்றார்கள். ஒருவன் போர்வையை மடிக்கத் தொடங்கியிருந்தான். குரு வேலியோரத்திலேயே நின்றுவிட்டார்.

"சிலாங்கு சாகும்போது என்ன வயது?"

"பத்தொன்பது என்பார்கள்."

"பெண்டாட்டி?"

"கல்யாணம் ஆகவில்லை."

"பிள்ளை?"

"அதெப்படி அம்மா..."

"மபலேகாவுக்கு?"

"ஆறு பேர். மூன்றாமவர் என் பாட்டனாரின் அப்பா."

குரு வாசலைப் பார்த்தார். மடித்த போர்வை தோளுக்கு ஏறிவிட்டது.

"உங்கள் அண்ணன் சொன்னது சரி. அவர்கள் சிலாங்கு வீட்டில் பெண் கேட்கிறார்கள். அந்த வீட்டில் பெண் இல்லை."

பெகிதெம்பா வாசலுக்கு ஓடினார். நால்வரில் மூத்தவரின் தோளைப் பிடித்துக் குனிந்து, காதோடு ஒரு பெயரை முணுமுணுத்தார்.

வேலியோரத்திலிருந்து குருவின் குரல் வந்தது.

"காதில் என்னய்யா ரகசியம்? நீங்களே கூவுங்கள்."