மாப்பிள்ளையைத் தின்ற ஆடு

சிங்காரத்துக்குக் கல்யாணம் தள்ளிப்போனதற்கு ஜாதகம் காரணமில்லை, காபிதான். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அவன் அண்ணன்மார் மாசிலாமணியும் ஆபத்சகாயமும் உப்புப் போட்டே காபி கொடுத்தார்கள். வந்தவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டுச் செருப்பைத் தேடினார்கள். சிங்காரத்துக்குக் காதோரம் நரைத்துவிட்டது. தலையணையோடு பேச ஆரம்பித்திருந்தான்.

இந்த லட்சணத்தில், வெள்ளிக்கிழமை வருகிறோம் என்று செண்பகத்தின் வீட்டார் சொல்லியனுப்பினார்கள். சம்பந்தம் பேசிய சௌந்தரவல்லி அத்தை சமையலறையை எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“எல்லாத்துக்கும் பேரை எழுதி ஒட்டித் தொலைங்கடா. இந்த வீட்டுல பேர் ஒட்டாம ஒண்ணு இருக்கக் கூடாது. இந்த இடமும் போச்சுன்னா சிங்காரம் காசிக்குத்தான் போகணும்.”

சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். புத்தி சொல்கிறவர்கள் எல்லோருக்கும் எப்படித்தான் உடனே பஸ் கிடைக்கிறதோ.

மாசிலாமணி மைதாப் பசை காய்ச்சினார். ஆபத்சகாயம் பழைய காலண்டரைச் சீட்டுச் சீட்டாகக் கிழித்தார். முதல் சிக்கல், வெள்ளையாக எதையோ வைத்துக்கொண்டு நின்ற இரண்டு டப்பாக்கள். நாக்கில் வைத்துப் பார்க்கலாமென்றால், வருகிறவர்களுக்கு எச்சிலையா கொடுப்பது?

“பெரிய டப்பாவுக்குச் சர்க்கரைன்னு எழுது. மரியாதையா இருக்கும்” என்றார் மாசிலாமணி.

“தப்பாயிட்டா?”

“எழுதி ஒட்டினப்புறம் எப்படிடா தப்பாகும்?”

அப்புறம் சுவரில் ‘சுவர்’, கட்டிலில் ‘கட்டில்’. பூனை ஓடிவிட்டதால், அது உட்கார்ந்திருந்த இடத்தில் ‘பூனை’ என்று ஒட்டினார்கள். கொல்லையில் நின்ற ஆடு தன் சீட்டை ஒட்டிய கையோடு தின்றுவிட்டது. வெளியே இருந்தால் என்ன, உள்ளே இருந்தால் என்ன, பேர் பத்திரமாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

மிச்சமிருந்தது மனுஷர்கள். மாசிலாமணி ‘கோபக்காரர்’ என்று ஒட்டிக்கொண்டார். ஜென்மத்தில் கோபப்பட்டதில்லை. ஆனால் ஒட்டிய பிறகு சும்மா இருப்பது சரியில்லை என்று அவ்வப்போது கதவைப் பார்த்துக் கத்தினார். ஆபத்சகாயம் தன் நெற்றியில் ‘விவரமானவர்’ என்று ஒட்டிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் சொன்னதை யாரும் ஏனென்று கேட்கவில்லை.

சிங்காரத்தின் மார்பில் ‘மாப்பிள்ளை’ ஏறியது. கண்ணாடி முன்னால் போய்ப் போய் நின்றான். தான் யாரென்று அவனுக்கு இவ்வளவு தெளிவாக எப்போதும் தெரிந்ததில்லை.

“அண்ணே, வயித்துல என்னமோ பண்ணுது” என்றான்.

அதற்கும் பேர் ஒட்ட வேண்டுமே. பயமா, ஆசையா, பசியா என்று மூவரும் கூடிப் பேசினார்கள். இட்லி கொடுத்துப் பார்த்தார்கள். போகவில்லை. ஆகவே பசி இல்லை. பயத்துக்கும் ஆசைக்கும் நடுவே வழக்கு நின்றுபோனதால், விவரமானவர் ‘விசாரணையில்’ என்று எழுதி வயிற்றில் ஒட்டினார்.

வெள்ளிக்கிழமை செண்பகத்தின் அப்பா தில்லைநாயகம் தன் மனைவியோடு வந்தார். சிங்காரம் வாசலில் குனிந்து கும்பிட்டான். பசை வாசனை பிடித்துக்கொண்டு கயிற்றை அறுத்து வந்த ஆடு, அவன் மார்பிலிருந்த சீட்டை உருவி மென்று விழுங்கிவிட்டது.

“நீங்க யாரு தம்பி?” என்றார் தில்லைநாயகம்.

சிங்காரம் மார்பைப் பார்த்தான். வெறும் சட்டை.

“இப்போதைக்கு யாருமில்லீங்க.”

“அப்ப மாப்பிள்ளை?”

“ஆட்டுக்குள்ள இருக்காருங்க.”

வேறு யாராக இருந்தாலும் அடுத்த பஸ்ஸுக்கு ஓடியிருப்பார்கள். தில்லைநாயகம் ஆட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். காபி வந்தது. ஒரு வாய் குடித்ததும் முகம் எட்டுக் கோணலாயிற்று. எழுந்து போய்ச் சமையலறை டப்பாவைப் படித்தார். ‘சர்க்கரை’. திரும்பி வந்து, “நல்ல இனிப்பு” என்று சொல்லி அடிவண்டல் வரை குடித்து முடித்தார்.

சிங்காரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. தங்களுக்கேற்ற சம்பந்தம் இந்த உலகத்தில் இருக்கத்தான் செய்திருக்கிறது.

வேறு சீட்டு எழுதலாமா என்று அவன் மெதுவாகக் கேட்டுப் பார்த்தான். தில்லைநாயகம் ஒப்பவில்லை.

“ஒருத்தர் உள்ள இருக்கறப்ப இன்னொருத்தரை எழுதினா எம்பொண்ணுக்கு ரெண்டு மாப்பிள்ளை ஆயிடும். ஊர் என்ன பேசும்?”

அதுவும் நியாயம்தான் என்று விவரமானவர் சொல்லிவிட்டார். முகூர்த்த நாளில் ஆட்டைக் குளிப்பாட்டி மணையில் ஏற்றினார்கள். பக்கத்தில் செண்பகம், தோளில் ‘பெண்’ என்ற சீட்டோடு உட்கார்ந்தாள். சிங்காரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று, அவளைப் பார்ப்பதும் ஆட்டைப் பார்ப்பதுமாக இருந்தான். கெட்டிமேளம் கொட்டிற்று. ஆடு தலையைத் திருப்பி, செண்பகத்தின் தோளிலிருந்ததையும் தின்றுவிட்டது.

ஐயர் தாலியும் கையுமாக நின்றார். சபை விவரமானவரைப் பார்த்தது. அவர் நெற்றிச் சீட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“பொண்ணும் மாப்பிள்ளையும் ஒரே வயித்துல சேர்ந்தாச்சு. இதுக்கு மேல என்னங்க கல்யாணம்?”

எல்லோரும் ஆட்டின்மேல் அட்சதையைப் போட்டுவிட்டுப் பந்திக்கு ஓடினார்கள்.

கூட்டத்தில் சிங்காரத்துக்குக் கிடைத்த இலை செண்பகத்தின் பக்கத்து இலை. வயிற்றில் மறுபடியும் என்னமோ பண்ணிற்று. தொட்டுப் பார்த்தான். ‘விசாரணையில்’ அப்படியே இருந்தது. கொஞ்சம் தைரியம் வந்தது.

“நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?” என்று கேட்டான்.

செண்பகம் அப்பளத்தை நொறுக்கியபடி யோசித்தாள்.

“தெரியலீங்க. பாயசம் முடியட்டும், யாராவது எழுதி ஒட்டுவாங்க.”