மூச்சு விடும் சுவர்

முன்னொரு காலத்திலே உப்புத்துறை என்கிற கடலோர நாட்டை மகரகேது என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நினைத்தது நினைத்த மாத்திரத்தில் நடந்தாக வேண்டும். வருஷா வருஷம் மழை ஓய்ந்ததும் அரண்மனையின் கடல் பார்த்த சுவர் பொரிந்து பொரிந்து உதிரும். அதைப் பார்த்தாலே அவனுக்குச் சோறு இறங்காது.

"அரக்கை உருக்கிச் சுவர் முழுக்கப் பூசிவிடுவோம் பிரபு. பளபளவென்று இருக்கும். ஒரு சொட்டு மழை உள்ளே போகாது" என்றார் அலங்கார அதிகாரி சிங்காரநம்பி. அவருக்கு மறுபேச்சுப் பேச அந்தச் சபையில் ஆள் கிடையாது. ராஜாவும் "ஆகட்டும்" என்றுவிட்டான்.

சூளையில் கிளிஞ்சல் சுட்டு அரண்மனைக்குச் சுண்ணாம்பு கொடுக்கும் காளவாய்க்காரி சிலம்பாயி முன்னே வந்தாள். "வேண்டாம் மகாராசா. அரக்கப் பூசினா சுவருக்கு மூச்சு முட்டிப்போகும்."

சபை கொல்லென்று சிரித்தது. சிங்காரநம்பி விடுவாரா? "தன் சரக்கு விலைபோகாதே என்ற கவலை இவளுக்கு. சுவருக்கு மூக்கு எங்கே இருக்கிறதென்று கேளுங்கள் பிரபு."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. தன் உத்தரவை ஒருத்தி மறிப்பதா? "எட்டு நாள் தருகிறேன். சுவர் மூச்சு விடுவதை எனக்குக் காட்டு. இல்லாவிட்டால் உன் காளவாயை இடித்துவிடுவேன், நீயும் நாட்டைவிட்டுப் போக வேண்டியதுதான்."

அவள் முகம் வெளுத்தது. ஆனாலும் பின்வாங்கவில்லை. "ஒரே குயவர் வனைஞ்ச ரெண்டு புதுப் பானை போதும் சாமி."

ஒரு பானையின் வெளிப்புறம் முழுக்க நம்பியே தம் கையால் அரக்குப் பூசினார். மற்றதற்கு அவள் கடுக்காய்த் தண்ணீர் விட்டு அரைத்த சுண்ணாம்பை மெல்லிசாகப் பூசினாள். காய்ந்ததும் இரண்டிலும் ஒரே கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, காற்றாட முற்றத்தில் வைத்தார்கள்.

எட்டாம் நாள் உச்சி வெயிலில் ராஜா வந்தான். "குடிச்சுப் பாருங்க சாமி" என்றாள் சிலம்பாயி.

அரக்குப் பானைத் தண்ணீர் வெந்நீராகக் கிடந்தது. சுண்ணாம்புப் பானைத் தண்ணீரோ தொண்டைக்குள் சில்லென்று இறங்கியது. ராஜா நம்பாமல் இன்னொரு செம்பு வாங்கிக் குடித்தான்.

"பானை குளிர்ந்தால் ஆயிற்றா? மழைக்குத் தாங்க வேண்டாமா?" என்றார் நம்பி.

சிலம்பாயி அரக்குப் பானையை நகத்தால் நெம்பினாள். கொப்புளித்திருந்த பூச்சு, சுட்ட கத்தரிக்காய்த் தோல்போல உரிந்து வந்தது. பூச்சுக்கு அடியில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. சுண்ணாம்புப் பூச்சோ துளியும் பெயரவில்லை.

"ஈரம் மழையில மட்டுமா வருது சாமி? தரையிலேர்ந்தும் ஏறுது. போற வழிய அடைச்சா தோல உரிச்சுக்கிட்டுத்தான் போகும். சுண்ணாம்பு அதுக்கு வழி விடும். அதுதான் சாமி சுவரோட மூச்சு."

ராஜா திரும்பித் தன் அரண்மனைச் சுவரைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து வெறும் கல்லும் மண்ணும் என்று நினைத்திருந்தது, இத்தனை காலமும் அவன் பக்கத்திலேயே மூச்சு விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

காளவாய் தலைமுறைக்கும் அவளுக்கே என்று செப்பேடு எழுதிக் கொடுத்தான். சுவர் வேலையும் அவளுக்குத்தான். பூச்சு காயும்வரை காக்கை வந்து உட்காராமல் விரட்டும் பொறுப்பு சிங்காரநம்பிக்கு. பட்டுத் தலைப்பாகையோடு அவர் "சூ, சூ" என்று ஓடியதை ஊரே பார்த்தது.

கடைசிப் பூச்சைக் கூழாங்கல்லால் தேய்த்து முடித்த அன்று, கண்ணாடியாய் மின்னிய சுவருக்குள் கடலின் நீலம் அப்படியே வந்து நின்றது. ராஜா சுவருக்குக் கிட்டே வந்தான். தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினான்.

"கைய எடுங்க சாமி, இன்னும் காயல."

கூட வந்திருந்த சபையார் நடுங்கிப் போனார்கள். யாருக்கும் பணியாத மகரகேது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் சரி என்று சொல்லும்வரை அப்படியே நின்றான்.